இருபது பேர் எழுதிய தேர்வு: சிறிய அரசுப் பள்ளியின் ரிசல்ட்டை எப்படிப் படிப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு சிறிய அரசு உயர்நிலைப் பள்ளி. இறுதி வகுப்பில் 20 பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 16 பேர் தேறுகிறார்கள். தேர்ச்சி 80 சதவீதம். மறு ஆண்டு 19 பேர், 95 சதவீதம். அதற்கடுத்த ஆண்டு 13 பேர், 65 சதவீதம். இரண்டாம் ஆண்டில் கல்வி அலுவலகத்திலிருந்து தலைமையாசிரியருக்குப் பாராட்டுக் கடிதம் வருகிறது. மூன்றாம் ஆண்டில் அதே அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதுகிறது. இடையில் பள்ளியில் என்ன மாறிவிட்டது? ஒன்றுமே மாறாமலும் இருந்திருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். அந்தப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொருவருக்கும் தேறுவதற்கான வாய்ப்பு 80 சதவீதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆசிரியர்கள், அதே பாடம், அதே உழைப்பு. அப்படியிருந்தும் சுமார் 14 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ச்சி 95 சதவீதத்தையோ அதற்கு மேலோ தொடும். சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை 65 அல்லது அதற்கும் கீழே போகும். இரண்டுக்கும் யாரும் காரணமில்லை. 500 பேர் எழுதும் பள்ளியில் இதே 80 சதவீத வாய்ப்பு இருந்தால், ரிசல்ட் பெரும்பாலும் 76க்கும் 84க்கும் இடையிலேயே நின்றுவிடும். அங்கே 95ஐயும் பார்க்க மாட்டீர்கள், 65ஐயும் பார்க்க மாட்டீர்கள்.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற அறிவிப்பையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 90 சதவீத வாய்ப்பு உள்ள பள்ளியில் 20 பேர் எழுதினால், சுமார் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோரும் தேறிவிடுவார்கள். அதே தரமுள்ள 500 பேர் பள்ளியில் அது நடக்கவே நடக்காது. பாராட்டு விழாவில் மேடையேறும் பள்ளிகளில் சிறிய பள்ளிகள் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கம் கேட்டுக் கடிதம் வாங்கும் பள்ளிகளிலும் அவைதான் அதிகம் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த விதி புதிதல்ல. கணிதர் ஆப்ரகாம் டி மாய்வர் 1730இலேயே இதை எழுதிவிட்டார். எத்தனை பேரை வைத்துச் சராசரி எடுக்கிறோமோ அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஊசலாட்டம் குறையும். 20 பேர் பள்ளியைவிட 500 பேர் பள்ளி 25 மடங்கு பெரியது; ஆகவே அதன் ரிசல்ட் ஐந்தில் ஒரு பங்குதான் ஆடும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகியும் கல்வி அலுவலகங்களின் தரவரிசைப் பட்டியலுக்குள் இந்த வர்க்கமூலம் இன்னும் சரியாக நுழையவில்லை. நிஜத்தில் ஆட்டம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஏனென்றால் ஒரே வகுப்பில் இருப்பவர்கள் தனித்தனியாகத் தேறுவதோ தவறுவதோ இல்லை. ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள், ஒரே காய்ச்சல் எல்லோருக்கும் பரவுகிறது, வினாத்தாளில் வரும் ஒரு பாடம் வகுப்பில் நடத்தப்படாமல் விட்டுப்போயிருந்தால் 20 பேரும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைப் புள்ளிவிவரத்தோடு காட்டியவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் வெய்னர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர். பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்களை அவரும் ஹாரிஸ் ஸ்வெர்லிங்கும் எடுத்துப் பார்த்தார்கள். மிகச் சிறிய 50 பள்ளிகளைத் தனியே குறித்துக்கொண்டார்கள். அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லையென்றால், முதல் 50 இடங்களில் இந்தச் சிறிய பள்ளிகள் ஒன்றோ இரண்டோதான் வர வேண்டும். ஆறு வந்தன. சிறிய பள்ளிகளே சிறந்தவை என்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் இருவரும் கடைசி 50 இடங்களையும் பார்த்தார்கள். அங்கே ஒன்பது சிறிய பள்ளிகள் இருந்தன.

இதில் வேடிக்கையும் உண்டு, விபரீதமும் உண்டு. பட்டியலின் மேல்பாதியை மட்டும் பார்த்தவர்கள் பெரிய முடிவுகளை எடுத்துவிட்டார்கள். பில் கேட்ஸின் அறக்கட்டளை 2000 வாக்கில் தொடங்கி அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அதில் பெரும்பகுதி, பெரிய பள்ளிகளைச் சிறிய பள்ளிகளாகப் பிரிப்பதற்கும் புதிதாகச் சிறிய பள்ளிகளைத் திறப்பதற்கும் போனது. டென்வர் நகரின் மேனுவல் உயர்நிலைப் பள்ளியை 2001இல் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளாகப் பிரித்தார்கள். பிரித்த பிறகு பாடங்கள் குறைந்தன, மாணவர்கள் வேறு பள்ளிகளுக்குப் போனார்கள், 2006இல் பள்ளியையே மூட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அதை மீண்டும் திறந்தது வேறு கதை. தாங்கள் பணம் போட்ட சிறிய பள்ளிகளில் பலவற்றில் மாணவர்களின் படிப்பு குறிப்பிடும்படி உயரவில்லை என்று கேட்ஸே தமது 2009ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதினார்.

அப்படியானால் சிறிய பள்ளி என்பதே வீண் யோசனையா? அதுவும் இல்லை. நியூயார்க் நகரம் 2002க்குப் பிறகு தேறாத பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடிவிட்டு, வகுப்புக்கு நூறு பேர் அளவில் ஏராளமான சிறிய பள்ளிகளைத் திறந்தது. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகம் வந்ததால் பல பள்ளிகளில் குலுக்கல் முறையில் சேர்க்கை நடந்தது. ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். கிடைத்தவர்களில் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் ஏறத்தாழ 7 முதல் 9 புள்ளிகள் கூடுதலாக இருந்தது. கல்வி ஆய்வில் இது பெரிய வித்தியாசம்.

டென்வரில் கவிழ்ந்தது நியூயார்க்கில் எப்படி நின்றது? என் கணிப்பில், நியூயார்க் பள்ளிகளைப் புதிதாகத் தொடங்கினார்கள். தலைமையாசிரியர்கள் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. சுற்றிலும் பெருநகரம், ஒரு பணியிடம் காலியானால் நிரப்ப ஆள் கிடைக்கும். ஒரு பள்ளியில் இல்லாத பாடத்தை விரும்புகிறவர் வேறொரு பள்ளியில் சேரலாம். ஒதுக்குப்புற ஊர் ஒன்றில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகுறைந்து சிறியதாகிவிட்ட பள்ளிக்கு இவை எதுவும் கிடையாது. திட்டமிட்டுச் சிறியதாக வைத்திருப்பதும் தேய்ந்து சிறியதாவதும் ஒன்றல்ல. பொதுவிவாதத்தில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள்.

அதேபோல் சிறிய பள்ளியையும் சிறிய வகுப்பறையையும் குழப்பக் கூடாது. வகுப்பில் ஆள் குறைந்தால் படிப்பு உயரும் என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று, 1985 முதல் 1989 வரை டென்னசி மாநிலத்தில் நடந்த பெரிய சோதனை. அங்கே 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். அது மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கு அதை அப்படியே எடுத்துவர முடியாது.

சரி, எண்களை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குள் போவோம். சிறிய உயர்நிலைப் பள்ளியின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பெரிய பள்ளியில் ஐந்து கணித ஆசிரியர்கள் இருந்தால், ஒருவர் நாள் முழுக்க ஒன்பதாம் வகுப்பின் வெவ்வேறு பிரிவுகளுக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துவார். முதல் பிரிவில் தடுமாறிய உதாரணத்தை மூன்றாம் பிரிவில் சரிசெய்துகொள்வார். சிறிய பள்ளியில் ஒரே கணித ஆசிரியர். ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று தினமும் நான்கு தனித்தனிப் பாடங்களுக்குத் தயாராக வேண்டும். நான்கு வினாத்தாள் எடுக்க வேண்டும். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் குறைவுதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தயாரிப்பு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துக் குறைவதில்லை. எட்டுப் பேருக்கு நடத்துவதற்கும் நாற்பது பேருக்கு நடத்துவதற்கும் முந்தின நாள் மாலை செலவாகும் நேரம் ஒன்றுதான். அறிவியலில் நிலைமை இன்னும் மோசம். இயற்பியல் படித்தவர் வேதியியலும் உயிரியலும் சேர்த்து நடத்துவார். தமக்கே சரியாகப் பிடிபடாத பாடத்தை ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு வந்து நடத்தும் நிலை பலருக்கு உண்டு. சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்கலாம் என்றால், அதே பாடம் படித்த இன்னொருவர் பள்ளியிலேயே இல்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியருக்கு இது கடுமையான தனிமை. ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரச்சினை அதற்கு அப்புறம் வருகிறது. ஐந்து பேரில் ஒருவர் போனால் மற்ற நால்வரும் பாடத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரே ஒருவர் போனால் அந்தப் பாடமே போய்விடுகிறது. புதியவர் வரும்வரை உடற்கல்வி ஆசிரியரோ வரலாற்று ஆசிரியரோ வகுப்பைப் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வார் என்றால் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

கணிதம் போன்ற பாடத்தில் இந்த இடைவெளி உடனே வெளியே தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் ஆறு மாதம் ஆசிரியர் இல்லாததால் இயற்கணிதத்தின் அடிப்படை விட்டுப்போகிறது. அந்த மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு ஏறுகிறார்கள், பதினொன்றில் திணறுகிறார்கள், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டில் விழுகிறார்கள். விளக்கக் கடிதம் யாருக்குப் போகிறது? பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தியவருக்கு. அவர் ஒருவேளை சென்ற ஆண்டுதான் பள்ளிக்கு வந்திருப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய காலிப் பணியிடத்துக்கு இன்றைக்கு அவர் பதில் எழுதிக்கொண்டிருப்பார். சிறிய பள்ளிகளின் சரிவைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்: இந்த மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது கணிதத்துக்கும் மொழிப்பாடத்துக்கும் யார் இருந்தார்கள், எத்தனை மாதம் இருந்தார்கள்? ரிசல்ட் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

ஆசிரியர் இருந்தாலும் கால அட்டவணை குறுக்கே நிற்கும். பெரிய பள்ளியில் இயற்பியல் நாளில் நான்கு பீரியடுகளில் வெவ்வேறு பிரிவுகளுக்கு ஓடும். சிறிய பள்ளியில் ஒரே ஒரு பீரியட். உயர்கணிதமும் ஒரே ஒரு பீரியட். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால், பொறியியல் படிக்க நினைக்கும் மாணவி ஏதாவது ஒன்றை விட வேண்டியதுதான். எதை விடுவது என்பதை அவள் ஆர்வம் முடிவு செய்வதில்லை, அட்டவணை முடிவு செய்கிறது. சில பள்ளிகள் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து, ஒரு பாடத்தை ஓராண்டும் இன்னொன்றை மறு ஆண்டுமாக மாற்றி மாற்றி நடத்துகின்றன. வரலாறு, இலக்கியம், உயிரியலின் சில பகுதிகள் என்றால் இது ஓடிவிடும். படிப்படியாக ஏற வேண்டிய கணிதத்தில் ஓடாது.

1959இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய தமது புகழ்பெற்ற அறிக்கையில் இந்த வாதத்தைத்தான் வைத்தார். இறுதி வகுப்பில் குறைந்தது 100 பேராவது இல்லாத பள்ளியால் எல்லா வகை மாணவர்களுக்கும் தேவையான பாடங்களை நியாயமான செலவில் தர முடியாது என்றார். பள்ளிகளை இணைக்கும் வேலை அதற்கு முன்பே வேகமாக நடந்துகொண்டிருந்தது. 1939-40இல் அமெரிக்காவில் 1,17,000க்கு மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்புகள், இருந்தன. இன்று சுமார் 13,000. மாணவர் எண்ணிக்கை இந்தக் காலத்தில் குறையவில்லை, பெருகியது. மூடப்பட்ட பள்ளியின் பிள்ளைகள் பேருந்தில் ஏறினார்கள். செலவைக் கணக்குப் பார்த்தவர்கள் ஆசிரியர் சம்பளத்தையும் கட்டடத்தையும் எழுதினார்கள். பிள்ளைகள் பேருந்தில் கழிக்கும் மணிநேரத்துக்குத் தொகை எழுத அதில் இடமில்லை. மாலையில் விளையாட்டுக்கோ பாடத்தில் சந்தேகம் கேட்கவோ தங்க முடியாமல் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதும் படிப்பைப் பாதிக்கிற விஷயம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கோனன்ட் அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964இல், ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற உளவியலாளர்கள் கான்சஸ் மாநிலப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய பள்ளியில் நாடகக் குழு, இசைக் குழு, மாணவர் இதழ் என்று எல்லாம் அதிகம்தான். ஆனால் மாணவர் எண்ணிக்கை பெருகும் அளவுக்கு அவை பெருகுவதில்லை. அதனால் பெரும்பாலோர் பார்வையாளர்களாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சிறிய பள்ளியில் ஒரு நாடகம் போட வேண்டுமென்றால் எல்லோரும் வந்தால்தான் முடியும். படிப்பில் பின்தங்கியவரையும் கூச்ச சுபாவம் உள்ளவரையும்கூட இழுத்து மேடையில் நிறுத்துவார்கள். தன்னை எதிர்பார்த்து நாலு பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணம் பள்ளியைவிட்டு நின்றுவிட நினைக்கும் மாணவனைப் பிடித்து வைக்கிறது. ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் சிறிய பள்ளியில் உடனே தெரிந்துவிடும். பெரிய பள்ளியில் அட்டெண்டன்ஸ் பதிவேடு சொன்னால்தான் தெரியும்.

இந்த நெருக்கத்துக்கும் விலை உண்டு, அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. ஏழாம் வகுப்பில் ஒருவனுக்கு மந்தம் என்று பெயர் வந்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே ஆசிரியர்கள், அதே சக மாணவர்கள், அதே பெயர். புதிதாகத் தொடங்க இன்னொரு பிரிவு கிடையாது. ஓர் ஆசிரியருக்கும் ஒரு மாணவிக்கும் ஒத்துவரவில்லை என்றால் அந்தப் பாடத்தில் அவளுக்கு வேறு வழியே இல்லை. வகுப்பில் முதலாவதாக வருகிறவர் யாரோடும் போட்டியிடாமலே முதலாவதாக இருப்பார். கல்லூரிக்குப் போன முதல் மாதத்தில்தான் தன் இடம் எதுவென்று அவருக்குத் தெரியவரும். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பாசிரியரும் ஆலோசகரும் பல பள்ளிகளுக்குப் பொதுவாக இருப்பதால், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் வருவார்கள். நெருக்கடி அந்த நாட்களைப் பார்த்து வருவதில்லை.

இனி மறுபடியும் எண்களுக்கு. தேர்ச்சி விகிதத்தைவிடவும் சிக்கலானது, பள்ளிப் படிப்பை முடிக்கிறவர்களின் விகிதம். அமெரிக்காவில் 2008இல் ஒரே மாதிரியான கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். 2010-11 கல்வியாண்டிலிருந்து மாநிலங்கள் அதன்படி அறிக்கை தரத் தொடங்கின. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டுகளில் முடித்தார்கள் என்பதுதான் கணக்கு. இடையில் வேறு பள்ளிக்குப் போனவரைக் கழித்துவிடலாம். ஆனால் அவர் அங்கே சேர்ந்ததற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் வேண்டும். குடும்பத்தோடு ஒருநாள் இரவில் ஊரை விட்டுப் போய்விட்டவர், எங்கே சேர்ந்தார் என்று காகிதம் வராதவர், படிப்பை நிறுத்தியவராகவே கணக்கில் நிற்பார். 500 பேரில் அப்படி மூன்று பேர் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 20 பேரில் மூன்று பேர் என்றால் 15 புள்ளிகள் போய்விட்டன. நான்கு ஆண்டுகளில் முடிக்காமல் ஐந்தாவது ஆண்டில் முடித்தவரையும் இந்தக் கணக்கு தோல்வியாகவே வைத்துக்கொள்கிறது. சில சிறிய பள்ளிகளின் விகிதத்தைத் தூக்கி நிறுத்துவது நல்ல ஆசிரியர் அல்ல, விடாமல் தொலைபேசியில் பேசி அந்தக் காகிதத்தை வாங்கிவிடும் அலுவலக எழுத்தர்.

2002இல் அமெரிக்காவில் கையெழுத்தான கூட்டாட்சிக் கல்விச் சட்டம், 2014க்குள் எல்லா மாணவர்களும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. ஏழை மாணவர், மாற்றுத்திறன் மாணவர், ஆங்கிலம் கற்கும் மாணவர் என்று ஒவ்வொரு பிரிவின் ரிசல்ட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னது. நோக்கம் நல்லது. ஆனால் அந்தச் சமயத்தில்தான் பொருளாதார ஆய்வாளர்கள் தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும், ஓராண்டு மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு வெறும் தற்செயல் என்பதை எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். வடகரோலினா மாநிலத்தின் பரிசுத் திட்டத்தில் முதல் இடங்களைச் சிறிய பள்ளிகளே அடிக்கடி பிடிப்பதற்கு இதுதான் காரணம் என்றார்கள். பிறகு மூன்று ஆண்டுச் சராசரி எடுத்துக்கொள்ளவும், மிகச் சிறிய பிரிவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடவும் மாநிலங்களுக்கு இடம் கிடைத்தது. 2015இல் வந்த அடுத்த சட்டத்திலும் இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையை மாநிலங்களே வைத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் 10க்கும் 30க்கும் இடையில்.

இதனால் கிடைத்தது அரைகுறை நியாயம். ஆறு மாற்றுத்திறன் மாணவர்கள் படிக்கும் பள்ளியில் அந்த ஆறு பேரின் ரிசல்ட் பட்டியலில் நட்சத்திரக் குறியாக மாறிவிடும். தனிப்பட்ட மாணவரை அடையாளம் கண்டுவிடாமல் இருக்க அது தேவைதான். பள்ளியும் அநியாயமான பழியிலிருந்து தப்புகிறது. ஆனால் அந்த ஆறு பேருக்கும் உண்மையிலேயே யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை என்றால், அதுவும் அந்தக் குறிக்குள்ளேயே மறைந்துகொள்கிறது.

சிறிய பள்ளியில் படிப்பதால் லாபம் கிடைக்கும் இடமும் உண்டு. டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் அதன் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. 20 பேர் உள்ள ஒதுக்குப்புறப் பள்ளிக்கும் இரண்டு இடம் வந்தது. அதுவரை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு ஆளே அனுப்பாத பள்ளிகளிலிருந்து மாணவர்கள் போகத் தொடங்கினார்கள். போட்டி குறைவான பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிச் சேர்த்த பெற்றோரும் இருந்தார்கள் என்று பின்னால் ஆய்வுகள் காட்டின. எந்த விதி வந்தாலும் அதற்கேற்ப நடந்துகொள்ள ஆட்கள் இருப்பார்கள்.

ஆசிரியர் பற்றாக்குறைக்குத் தொலைதூரக் கல்வியே மருந்து என்று இப்போது புதிதாகச் சொல்வார்கள். இது பழைய மருந்துதான். நியூசிலாந்தில் அஞ்சல்வழிப் பள்ளி 1922இலேயே தொடங்கிவிட்டது, இன்றும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 1951 முதல் வானொலி வழியே பாடம் நடந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 2016இல் இணையவழி வகுப்புகளுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு தீவில் இருக்கும் ஆசிரியர் பல பள்ளிகளின் மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் நடத்துவார். தொழில்நுட்பத்தைவிடச் சின்ன விஷயங்கள்தான் இதை வெல்லவோ கவிழ்க்கவோ செய்கின்றன. எல்லாப் பள்ளிகளின் பீரியட் மணியும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம், மாணவர்கள் இருக்கும் அறையில், பாடம் தெரியாவிட்டாலும் அவர்களை நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் மிச்சம் என்று நினைத்துத் திட்டம் போட்டால் பாதி மாணவர்கள் இரண்டே மாதத்தில் விலகிவிடுவார்கள்.

பள்ளியை மூடுவது பற்றிப் பேச்சு வரும்போது மேலே சொன்ன ஊசலாட்டத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள். ஒரு மோசமான ஆண்டு போதும். பெற்றோர் சிலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். எண்ணிக்கை குறையும், எண்ணிக்கையை வைத்துத் தரும் பணியிடம் ஒன்று பறிபோகும், அந்தப் பாடம் நிற்கும், இன்னும் சிலர் போவார்கள். தற்செயலாக வந்த சரிவு இப்படி நிஜமான சரிவாகிவிடும். ஸ்காட்லாந்து 2010இல் இயற்றிய சட்டம், கிராமப்புறப் பள்ளியை மூடும் முன் வேறு வழிகளையும் ஊருக்கு ஏற்படும் விளைவையும் பிள்ளைகளின் பயணத்தையும் ஆராய்ந்தாக வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் படிப்பை முடிக்கிறவர்களின் விகிதம் குறைந்த உயர்நிலைப் பள்ளிகள் மீது எடுக்கும் நடவடிக்கையில், மொத்தம் 100 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளுக்கு விலக்குத் தர இடம் வைத்திருக்கிறது. ஓராண்டு எண்ணை வைத்து அங்கே எதையும் தீர்மானிக்க முடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

ஐந்து ஆண்டு ரிசல்ட்டைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். 20 பேர் வீதம் ஐந்து ஆண்டுக்கு 100 பேர். அப்போதும் 80 சதவீதம் என்ற எண் இரு பக்கமும் எட்டுப் புள்ளி வரை ஆடக்கூடியது. அதாவது ஐந்து ஆண்டுச் சராசரியில் ஒரு பள்ளி 84, இன்னொன்று 78 என்று இருந்தாலும், எது நன்றாக நடத்துகிறது என்று அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் பள்ளிக்குள் போய்த்தான் கேட்க வேண்டும். பாடப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் பாடங்களில் இந்த ஆண்டு உண்மையில் எவை நடக்கின்றன? எந்தப் பாடங்கள் ஒரே பீரியடில் மோதுகின்றன? இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கணித ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார், மாறுதல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாரா? இதில் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டைப் பற்றி எந்தத் தரவரிசைப் பட்டியலையும்விட அதிகமாகச் சொல்லிவிடும்.